பல்லுப் பாத்து வகுப்புப் பிரிச்ச கதை

எழுவது வயசுக்கு மேலதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். படிக்கப் போகல. எம்பேத்தி என் துண்டை விட மாட்டேன்னுட்டா. துண்டு எந்தோள்ல கெடக்கு, அது போற எடத்துக்கு நானும் போகணும்ல. அப்பிடித்தான் போனேன்.

துண்டைக் குடுத்துட்டு வந்துருக்க வேண்டியதுதானேன்னு எல்லாரும் கேக்குறாக. அதையும் செஞ்சு பாத்தாச்சு. துண்டைக் குடுத்தா அதைக் கீழ போட்டுட்டு வேட்டியப் புடிப்பா. வேட்டியக் குடுத்துட்டு ஊருக்குள்ள எப்பிடி நடந்து வாரது?

பேத்திக்கு அப்ப நாலு வயசு. வீட்டுக்குள்ள அவ வாய்க்கு முன்னாடி யாரும் நிக்க முடியாது. கோழியக் கூப்புட்டு வச்சு நேத்து ஏன் முட்டை போடலன்னு அதட்டுவா. டிவியில செய்தி வாசிக்கிற பொம்பளை வணக்கம்னா இவளும் வணக்கம் சொல்லிட்டு, சாப்ட்டியான்னு கேப்பா. அம்புட்டும் வாசப்படிக்கு இந்தப் பக்கந்தான். படியத் தாண்டி ஒரு காலு வச்சான்னா வாயி மூடிக்கிரும். கடைக்காரரு முட்டாயி குடுத்தா வாங்கிக்கிருவா, பேச்சு மட்டும் வராது. ஒரு கையில முட்டாயி, இன்னொரு கையில எந்துண்டு.

இதுல சிக்கல் என்னன்னா, எம்மருமகளுக்குத் தையல் கம்பெனியில வேலை கெடச்சுருந்துச்சு. மகன் லாரியக் கெளப்பிக்கிட்டுக் கேரளாவுக்குப் போனான்னா எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. அவளுக்கு இந்த வேலை மேல அம்புட்டு ஆசை. கம்பெனி வேனு காலையில ஊருக்குள்ளயே வந்து ஏத்திக்கிட்டுப் போகும். ஆனா அவ வேன்ல ஏறணும்னா பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கணும். பள்ளிக்கூடம் தெறந்து ஒரு மாசத்துக்குள்ள வந்து சேரு, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு கம்பெனியில சொல்லிட்டாக.

எங்கிட்ட விட்டுட்டுப் போகலாமேன்னு நீங்க கேப்பீக. எனக்கு மத்தியானச் சோறு தின்னா ஒரு தூக்கம் வரும். அதைத் தூக்கம்னு சொல்ல முடியாது, கரண்டு போற மாதிரி. எப்பப் போகும், எப்ப வரும்னு தெரியாது. ஒருக்கா அப்பிடிப் போயிட்டு வந்து பாக்குறேன், பிள்ளையக் காணோம். தேடிப் போனா கம்மாக்கரையில எருமைகளோட நிக்கிறா. எருமைக அவளச் சுத்தி நின்னு நல்லாத்தான் பாத்துக்கிருச்சுக. இதையும் நான் மருமககிட்ட எடுத்துச் சொன்னேன். எடுத்துச் சொன்னது தப்பாப் போச்சு. எருமைய நம்புனாலும் மாமாவ நம்ப மாட்டேன்னுட்டா.

அதனால மொதல்ல சமயநல்லூர்ப் பக்கம் ஒரு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சேத்தோம். மஞ்ச வேனு, சூவு, கழுத்துல சின்ன டை. வகுப்புல அம்புட்டுப் பிள்ளைகளும் ஒரே வயசு, ஒரே உசரம். எங்க பிள்ளை எதுன்னு எனக்கே அடையாளந் தெரியல, துண்டு யாரு கையில முடியுதுன்னு பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். என்னைய உள்ள விடல. சன்னலுக்கு வெளிய நிப்பாட்டிட்டாக. துண்டு மட்டும் சன்னல் கம்பி வழியா உள்ள போயிருந்துச்சு.

அங்க நடந்ததைச் சொல்றேன் கேளுங்க. ஒரு பயலுக்குச் சூவு கயிறு அவுந்துருச்சு. அவன் குனிஞ்சு பாத்தான். அவனுக்குக் கட்டத் தெரியாது. பக்கத்துப் பிள்ளை பாத்துச்சு, அதுக்கும் தெரியாது. அதுக்கடுத்தது பாத்துச்சு. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சதும் அவன் அழுதான். அவன் அழுகவும் அம்புட்டும் சேந்து அழுகுதுக. சூவு அவுராத பிள்ளைகளும் குனிஞ்சு தன் சூவப் பாத்துட்டு அழுகுதுக. மிஸ்ஸு பாவம் சின்னப் பிள்ளை, கல்யாணம் கூட ஆகல. இங்கிட்டு ஒண்ணுக்குக் கட்டிவிட்டா அங்கிட்டு ஒண்ணு அவுந்து போகுது. கடைசியில அதும் சுவத்துப் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடைக்குது.

சன்னலுக்கு வெளிய நின்னு நான் கேட்டேன், "ஏம்மா, இதுல ஒரு பெரிய பிள்ளையக் கொண்டாந்து விட்டா என்னம்மா? ஒரு ஆறு வயசு, ஏழு வயசு?"

"அது யூகேஜி, ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு தாத்தா. மாடியில இருக்காங்க."

"எறக்கி விடேம்மா."

"அப்பிடிலாம் எறக்கக் கூடாது தாத்தா."

ஒரு வாரம் பாத்தாக. பிள்ளை வாயத் தெறக்கல, துண்டையும் விடல. பள்ளிக்கூடத்துல எங்கள ஆபீசு ரூமுக்குக் கூப்புட்டு, பாப்பா இன்னும் தயாராகல, அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்கன்னுட்டாக. அடுத்த வருசமும் அம்புட்டுப் பேரும் ஒரே வயசுலதான இருப்பாக, அப்பவும் சூவு அவுருந்தானேன்னு கேக்க வாயெடுத்தேன். மருமக என் கையப் புடிச்சு இழுத்துட்டா.

அப்பறந்தான் எங்க ஊரு சர்க்காரு பள்ளிக்கூடம். அங்க ரெண்டு ரூமு. ஒண்ணுல மேக்காரை பேந்து விழுந்து பூட்டிப்புட்டாக. இன்னொண்ணுல ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் அம்புட்டும். டீச்சரு ஒருத்திதான். பக்கத்துல பால்வாடி இருக்கு, ஆனா அந்தப் பிள்ளைக அங்க தங்காது. அக்கா, அண்ணன் எங்க இருக்கோ அங்க வந்துருங்க. பால்வாடி ஆயாவும் கொஞ்ச நாளு தொரத்திப் பாத்துட்டு விட்டுருச்சு. ஆக, ஒரே ரூமுல மூணு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் இருந்துச்சுக. எங்க மருமக எட்டிப் பாத்துட்டு, "என்ன மாமா, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கு"ன்னா. அவளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா வேற எங்கிட்டுப் போறது? நாளு ஓடுது.

டீச்சரு நல்ல பிள்ளை. துண்டப் பாத்துச்சு, பேத்தியப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. "அய்யா, நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. அவளா விடட்டும்"னுச்சு.

உக்காந்தேன். அது என்ன லேசுப்பட்ட காரியமா? பாயி தரையில கெடக்கு. எம்முட்டி மடங்காது. உக்காந்துருவேன், எந்திரிக்க முடியாது. அதுக்கு ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு டூட்டி போட்டாக. மணி அடிச்சா ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுக்கணும், ஒருத்தன் பின்னால இருந்து முட்டுக் குடுக்கணும். வாரம் ஒருக்கா ஆளு மாத்திக்கிருவாய்ங்க. முட்டுக் குடுக்குற சோலிக்கு ஏகப்பட்ட போட்டி.

அந்த ரூமு எப்பிடி நடந்துச்சுன்னு சொல்லணும். டீச்சரு ஒரு மூலையில அஞ்சாப்புக்குப் பாடம் எடுக்கும். மத்தவெய்ங்க அவெய்ங்க சோலியப் பாக்கணும். ஆனா காது சும்மா இருக்குமா? மூணு வயசுல ஒரு பய இருந்தான், எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும், மூக்கொழுகின்னுதான் கூப்புடுவோம். தொடைக்கத் தெரியாது. ஆனா அஞ்சாப்புப் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, ஒரு செடியக் கண்டா "ஒளிச்சேர்க்கை"ன்னுவான். ஆட்டுக்குட்டி கொழையத் திங்குறதைப் பாத்தாலும் ஒளிச்சேர்க்கை. அவங்கம்மா சோறு ஊட்டுனாலும் ஒளிச்சேர்க்கை.

எனக்குப் பக்கத்துல ரெண்டாப்புப் பய ஒருத்தன். எனக்கும் ஒரு சிலேட்டக் குடுத்துட்டான், சும்மா உக்காந்துருக்கக் கூடாதாம்.

"தாத்தா, கோட்டுக்கு மேல போகாத."

"கை நடுங்குதுடா."

"நடுங்காம எழுது."

"வயசாயிருச்சுல்ல?"

"அம்புட்டு வயசுக்கும் என்ன செஞ்ச?"

என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். உசிலம்பட்டிச் சந்தையில மாட்டுத் தரகு பாத்தேன். வாங்குறவன் கையையும் விக்கிறவன் கையையும் துண்டுக்கடியில புடிச்சு, வெரலத் தொட்டு வெலை முடிக்கிற சோலி. வாயில ஒண்ணும் பேசக் கூடாது, பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சுரும். மாட்டுக்கு வயசு சொல்லணும்னா ஒதட்டத் தூக்கிப் பல்லப் பாக்கணும். இதை அந்தப் பயகிட்டச் சொன்னேன். அவன் எஞ்சிலேட்ட எட்டிப் பாத்துட்டு, "சரி, கோட்டுக்கு மேல போகாத"ன்னுட்டான்.

அஞ்சாப்புல நெட்டையா ஒருத்தி இருந்தா, ரெட்டைச்சடை போட்டுக்கிட்டு. அந்த ரூமுக்கு அவதான் கலெக்டரு. யாருக்கு மூக்குத் தொடைக்கணும், யாருக்குப் பித்தான் மாட்டணும், யாரு உப்புமாவக் கீழ கொட்டுனாய்ங்கன்னு அம்புட்டும் அவளுக்குத் தெரியும். டீச்சரு ஒருநா எங்கிட்டச் சொல்லுச்சு, "இவளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வரவே வராதுங்கய்யா. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் குடுன்னு சும்மா விட்டேன். இப்ப என்னைய விட நல்லாப் போடுறா." நானும் பாத்தேன். "பக்கத்து வீட்டுல போயி ஒரு பத்தை வாங்கிட்டு வா, அந்த வீட்டுல ஒண்ணு கொறைஞ்சுரும்ல, அதைக் கொறைச்சு எழுது, இல்லன்னா அந்த வீட்டம்மா சண்டைக்கு வரும்"னு சொல்லிக் குடுக்குறா. எனக்கே வெளங்கிருச்சு. இதுல வேடிக்கை, ரெண்டாப்புப் பயலுக அதையே ஒண்ணாப்புக்குச் சொல்லிக் குடுக்குறாய்ங்க. ஒண்ணாப்புக்கு இன்னும் கழித்தலே வரல. அந்த வீட்டம்மாவோட சண்டைய மட்டும் நல்லாக் கத்துக்கிருச்சுக.

ஆக, சூவு கயிறு அவுந்தா அந்த ரூமுல யாரும் அழுகல. சூவே கெடையாது, அது வேற விசயம். ஆனா எது அவுந்தாலும் கட்டத் தெரிஞ்ச ஒரு ஆளு கை எட்டுற தூரத்துல உக்காந்துருக்கு. அஞ்சு வயசுக்கு ஏழு வயசு வாத்தியாரு, ஏழு வயசுக்கு ஒம்பது வயசு. நேத்துத்தான் கத்துக்கிட்டவன் இன்னைக்குச் சொல்லிக் குடுக்கும்போது அவன் மூஞ்சியில இருக்குற மெதப்பு இருக்கே, சந்தையில காங்கேயங் காளைய ஓட்டிக்கிட்டு வாரவனுக்குக் கூட அம்புட்டு மெதப்பு இருக்காது.

தப்பையும் அப்பிடியே சொல்லிக் குடுத்துக்கிருவாய்ங்க, அதையும் சொல்லணும்ல. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு வேப்பமரம், அதைத் தாண்டிக் கக்கூசு. எந்தப் பிள்ளை கக்கூசுக்குப் போனாலும் அந்த மரத்தை ஒரு சுத்துச் சுத்திட்டுத்தான் போகும். அவசரம்னாலும் சுத்தும். காலைப் பின்னிக்கிட்டே சுத்தும். ஏன்டா சுத்துறீகன்னு ரெண்டாப்பக் கேட்டா மூணாப்புச் சொல்லிக் குடுத்துச்சாம். மூணாப்பக் கேட்டா நாலாப்பு. ரெட்டைச்சடையக் கேட்டா, அவ ஒண்ணாப்புப் படிக்கையில ஒரு அக்கா சொல்லிக் குடுத்துச்சாம், அந்த அக்கா இப்பக் காலேசு படிக்குது. சமையக்கார அம்மாதான் வெவரம் சொல்லுச்சு. அப்ப அந்த மரத்துல ஒரு கடி நாயக் கட்டிப் போட்டிருந்தாகளாம். அது கடிக்காம இருக்க, அந்தப் பக்கமா சுத்திப் போகச் சொல்லிருக்காக. நாயி செத்து எம்புட்டோ காலமாச்சு. இன்னும் சுத்துதுக.

எம்பேத்தியும் சுத்துனா. என் துண்டோட சுத்துனா, நானும் சுத்துனேன். கொஞ்ச நாளு கழிச்சு ரெட்டைச்சடையோட பாவாடை நுனியப் புடிச்சுக்கிட்டுச் சுத்துனா. ஒரு கையில துண்டு, ஒரு கையில பாவாடை. ரெட்டைச்சடை நகண்டா இவ ரெண்டுக்கும் நடுவுல இழுபட்டு நிப்பா, கொடியில காயப்போட்ட துணி மாதிரி. ஆனா வாயி மட்டும் தெறக்கல. மருமக தெனமும் கேப்பா, "பேசுனாளா மாமா? துண்டை விட்டாளா?" கம்பெனி சொன்ன கெடு அடுத்த திங்கக்கெழம முடியுது. பாதி விட்டுட்டான்னு சொல்லுவேன். பாதி விட்டா வேன்ல பாதி ஏற முடியுமான்னு அவ கேப்பா.

அந்த வாரத்துலதான் பள்ளிக்கூடத்தச் சோதிச்சுப் பாக்குற ஆபீசரு வந்தாரு.

நல்ல உடம்பு. கறுப்புக் கண்ணாடி. வெயில்ல வந்தவரு வாசல்ல நின்னு ரூமப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. நான் சிலேட்டோட பாயில இருந்தேன், எந்திரிச்சு வணக்கம் சொல்லலாம்னா முட்டுக் குடுக்குற பயலக் காணோம்.

"இவரு எந்த வகுப்பு?" அப்பிடின்னாரு டீச்சரப் பாத்து.

எம்பக்கத்துப் பயதான் சொன்னான், "ஒண்ணாப்பு சார். கொஞ்சம் லேட்டு."

ஆபீசரு சிரிக்கல. "என்ன டீச்சர் இது? எல்லா வயசும் கலந்து கெடக்கு. வயசுவாரியா பிரிச்சு உக்கார வையுங்க. பால்வாடிப் பிள்ளைகளை அந்தப் பில்டிங்குக்கு அனுப்புங்க."

"சார், ரூமு ஒண்ணுதான். நானும் ஒருத்திதான்."

"சாக்பீஸ்ல கோடு போடுங்க. ஆளாளுக்கு ஒரு கட்டம். நான் போன் பேசிட்டு வாரேன், அதுக்குள்ள பிரிச்சிருக்கணும்."

அவரு வெளிய போயிட்டாரு. டீச்சரு தரையில கோடு போட்டு ஆறு கட்டம் கட்டுச்சு. அந்நேரம் பாத்து அதுக்கு போன்ல வருகை போடுற நேரம். டவரு எங்க கெடைக்கும்? வெளிய தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத்தான். "அய்யா, நான் இந்தா வந்துர்றேன், பிள்ளைகள வயசுவாரியாக் கட்டத்துல விட்டுருங்க"ன்னு சொல்லிட்டு ஓடிருச்சு.

நானும் ஒவ்வொண்ணாக் கேட்டேன், நீ எந்த வகுப்புடான்னு. ஒருத்தன், "கணக்குக்கு மூணாப்பு, தமிழுக்கு ஒண்ணாப்பு தாத்தா"ங்குறான். இன்னொருத்தி, "காலையில ரெண்டாப்பு, சாப்ட்டப்பறம் அக்காகூட அஞ்சாப்பு"ங்குறா. மூக்கொழுகி ஒளிச்சேர்க்கைன்னுட்டான். வருசக் கணக்கா ஒண்ணாக் கெடந்ததுல அவெய்ங்களுக்கே எல்லை தெரியல. வயசக் கேட்டா, போன பொங்கலுக்கு ஏழு, அதுக்கு முன்னாடி எட்டுங்குதுக.

வயசு கண்டுபுடிக்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, வாயத் தெறங்கடான்னேன்.

மாட்டுல இது தப்பவே தப்பாது. பால்பல்லு விழுந்து முன்னாடி ரெண்டு முளைச்சா ரெண்டு வயசுக்கு மேல, நாலு முளைச்சா மூணு வயசு, எட்டும் முளைச்சுட்டாக் கடை சேந்த மாடு, வயசு முத்துனது. அந்தக் கணக்குல பிரிச்சேன். பால்பல்லு அப்பிடியே இருந்தா ஒண்ணாப்பு. முன்பல்லு விழுந்து ஓட்டையா இருந்தா ரெண்டாப்பு. முளைச்சுட்டா மூணு. இப்பிடியே போனேன். அஞ்சாப்புல ஒரு வாட்டசாட்டமான பய, மீசை ஒண்ணுதான் இல்ல, சைக்கிள்ல இருந்து விழுந்து முன்பல்லு ரெண்டும் போயிருச்சு அவனுக்கு. கணக்குப்படி ரெண்டாப்புக் கட்டத்துல நிப்பாட்டிட்டேன். "தாத்தா, நான் அஞ்சாப்பு"ன்னு கெஞ்சுறான். "பல்லு அப்பிடிச் சொல்லலையேடா"ன்னேன். ஒண்ணாப்புல ஒரு பொடிப்பய, முட்டாயித் தின்னுத் தின்னு அம்புட்டுப் பல்லும் கறுத்துத் தேஞ்சு போச்சு. சந்தையில அந்தப் பல்லப் பாத்தா வயசான மாடுன்னு அடிமாட்டுக்குத்தான் அனுப்புவாக. அவன அஞ்சாப்புல விட்டேன். நல்லாக் காலு மேல காலு போட்டு உக்காந்துக்கிட்டான்.

அப்ப ரெட்டைச்சடை என் மொகத்துக்கிட்ட வந்து, "தாத்தா, ஒங்க வாயத் தெறங்க"ன்னா.

தெறந்தேன். ஒண்ணும் இல்ல.

"பல்லே முளைக்கல. தாத்தா பால்வாடி"ன்னா. அம்புட்டும் சேந்து என்னைய இழுத்துக்கிட்டுப் போயிப் பால்வாடிக் கட்டத்துல தள்ளிருச்சுக.

ஆபீசரு உள்ள வந்தப்ப அம்புட்டுப் பிள்ளைகளும் ஆன்னு வாயத் தெறந்துக்கிட்டு நிக்குதுக.

"என்னய்யா நடக்குது இங்க?"

"பல்லுப் பாக்குறேங்கய்யா."

"நீரு பல் டாக்டரா?"

"மாட்டுத் தரகருங்கய்யா."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டாரு. பாத்ததைத் திரும்பவும் பாத்தாரு. அதுக்குள்ள டீச்சரும் வந்துருச்சு, வந்து தலையில கைய வச்சுக்கிட்டு, வெரசாப் பிள்ளைகள மாத்தி விட்டுச்சு. இந்தத் தடவை சரியாப் பிரிச்சுருச்சு. "இப்பச் சரி. கோட்டத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது. பால்வாடி மட்டும் ஆயா வந்ததும் கெளம்பலாம்"னாரு ஆபீசரு.

சரியாப் பிரிச்சப்பறந்தான் கூத்து. ஒண்ணாப்புக் கட்டத்துல ஒரு பிள்ளைக்குப் பித்தான் அவுந்து போச்சு. அதைப் பாத்துப் பக்கத்துப் பிள்ளை முழிக்குது. ரெட்டைச்சடைக்குக் கை பரபரங்குது, கோட்டத் தாண்டக் கூடாதே, அங்க இருந்தே கத்துறா, "மேல ஓட்டைடி, மேல ஓட்டை, அது கீழ ஓட்டை!" ரெண்டாப்பு, பத்தை யாருகிட்ட வாங்குறதுன்னு தெரியாம நிக்குதுக. பால்வாடிக் கட்டத்துல எனக்கு ரெண்டு பக்கமும் மூக்கு ஒழுகுது. எம்பேத்தி பாவாடைய விட்டுட்டா. ரெண்டு கையாலயும் எந்துண்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டா, எங்கழுத்து இறுகுது. மொத நாளு மாதிரியே ஆயிருச்சு. எனக்கு மருமக மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. திங்கக்கெழம வேனு வரும், போகும்.

ஆபீசரு அஞ்சாப்பப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரு. "செடி எப்பிடித் தனக்குச் சாப்பாடு செஞ்சுக்கிருது?"

அஞ்சாப்பு பயந்துபோயி நிக்குது. ரெட்டைச்சடை இன்னும் அந்தப் பித்தானையே பாத்துக்கிட்டு இருக்கா. அப்ப என் பக்கத்துல இருந்து மூக்கொழுகி, "ஒளிச்சேர்க்கை!"ன்னான், ரூமு அதிருற மாதிரி.

ஆபீசரு மெதுவாத் திரும்பிப் பாத்தாரு. "இது யாரு?"

"பால்வாடி சார்"னுச்சு டீச்சரு.

அவரு கைக்குட்டைய எடுத்து நெத்தியத் தொடைச்சாரு. அவருக்குச் சுகரு போல. டீச்சரக் கிட்டக் கூப்புட்டுக் காதுல கேட்டாரு, டீச்சரு பின்பக்கம் கையக் காமிச்சுச்சு. அவரு விறுவிறுன்னு கெளம்பி நேரா வேப்பமரத்தத் தாண்டிப் போகப் போறாரு.

அம்புட்டுப் பிள்ளைகளும் சன்னல்ல வந்து நிக்குதுக. ஆனா சொல்லப் பயப்படுதுக, ஆபீசரு பாருங்க. அந்நேரம் எங்கழுத்து லேசாச்சு. என்னடான்னு பாத்தா, துண்டு கீழ கெடக்கு. எம்பேத்தி வெளிய ஓடுறா. சாக்பீஸ் கோடு, கட்டம் எதையும் பாக்கல. ஓடிப்போயி ஆபீசருக்கு முன்னாடி கைய விரிச்சுக்கிட்டு நின்னா.

"மரத்தச் சுத்திட்டுப் போ!"

"என்ன பாப்பா?"

"சுத்திட்டுத்தான் போகணும். எல்லாரும் அப்பிடித்தான்."

"பாப்பா, வழி விடும்மா, அங்கிளுக்கு அவசரம்."

"அவசரம்னா வெரசாச் சுத்து."

ஆபீசரு டீச்சரப் பாத்தாரு. டீச்சரு மேல வானத்தைப் பாத்துச்சு. வேற வழி இல்ல, மனுசன் சுத்துனாரு. பெரிய உடம்ப வச்சுக்கிட்டுச் சின்னச் சின்னதா எட்டு வச்சுச் சுத்திட்டு வந்தாரு. எம்பேத்தி இன்னும் வழி விடல.

"செருப்போட சுத்துனாச் செல்லாது."

அப்பிடி ஒரு சட்டம் அதுவரைக்கும் அங்க கெடையாது. அந்த நிமிசம் அவளாப் போட்டது. அவரு செருப்ப ரெண்டு காலாலயும் ஒதறிவிட்டுட்டு, இன்னொரு சுத்துச் சுத்தி, ஓடியே போயிட்டாரு.

அவரு திரும்பி வந்தப்ப ஒரு ஆளும் கட்டத்துல இல்ல. அம்புட்டும் வெளிய ஓடி வந்து பாத்துட்டுத் திரும்பி ஓடுனதுல தரையில கோடும் இல்ல. ரெட்டைச்சடை அந்தப் பிள்ளைக்குப் பித்தான் மாட்டிக்கிட்டு இருந்தா. ஆபீசரு தரையப் பாத்தாரு.

"கோடு அழிஞ்சு போச்சே டீச்சர்."

"ஆமா சார். சாக்பீஸும் தீந்து போச்சு."

அவரு ஈரக் கையோட மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, "சரி, இருக்குற மாதிரி இருக்கட்டும். அந்தப் பொண்ணு எந்த வகுப்பு?"ன்னு எம்பேத்தியக் காமிச்சாரு. டீச்சரு வாயெடுக்குறதுக்குள்ள எம்பேத்தியே சொல்லிட்டா, "நானு இங்க இருக்குறவ. நீ எந்த வகுப்பு?" அவரு காரப் பாத்து நடந்தாரு. அவ விடல, காரு வரைக்கும் கூடவே போயி, சாப்ட்டீங்களா, ஒங்க வீட்டுல கோழி இருக்கா, அது முட்டை போடுதான்னு கேட்டுக்கிட்டே போறா. நாலு வருசமா வாசப்படிக்குள்ள வச்சிருந்த பேச்சு அம்புட்டையும் அந்த ஆளு தலையில கொட்டிட்டா. காரு கெளம்புனதும் அவ திரும்பி வந்தா. எங்கிட்ட வரல. ரெட்டைச்சடைகிட்டப் போயி உக்காந்தா.

நான் பால்வாடிக் கட்டம் இருந்த எடத்துலயே உக்காந்துருந்தேன். தூக்கி விட யாரும் வரல, அம்புட்டுப் பேரும் ஆபீசரு சுத்துனதை நடிச்சுக் காமிச்சுக்கிட்டு இருந்தாய்ங்க.

சாயங்காலம் மருமககிட்டச் சொன்னேன். நம்பல. ஆபீசரு மரத்தைச் சுத்துனாருன்னா யாருதான் நம்புவா? பாதியத்தான சொல்றீக மாமா, மீதி என்னன்னா. மீதியும் அதுதான் ஆத்தான்னேன்.

திங்கக்கெழம வந்துச்சு. மருமக புதுச் சேலை கட்டி, சோத்து டப்பாவோட எங்ககூடவே பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தா. வேனு தெருமுக்குல நின்னு ஆரன் அடிக்கிது. கேட்டுல எம்பேத்தி எங்கையத் தட்டி விட்டுட்டு உள்ள போயிட்டா, திரும்பிக் கூடப் பாக்கல. மருமகளுக்குக் காலு நகரல. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு காதக் கூர்மையாக்குறா. உள்ள இருந்து அழுகைச் சத்தம் வருது. அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"மாமா, எட்டிப் பாருங்க மாமா. அவதானா?"

சன்னல்ல எட்டிப் பாத்தேன். அன்னைக்குப் புதுசா ஒரு பயலச் சேத்துருந்தாக, அவங்கம்மா சேலைய விட மாட்டாம நிக்கிறான். எம்பேத்தி அவனுக்கு முன்னாடி இடுப்புல கைய வச்சுக்கிட்டு, இங்க எப்பிடி இருக்கணும்னு வரிசையாச் சொல்லிக்கிட்டு இருக்கா.

"அழுகுறாளா மாமா?"

"இல்ல ஆத்தா. வேற ஒருத்தன அழுக வச்சுக்கிட்டு இருக்கா. நீ போ, வேனு நிக்கிது."